இராவணன் என்று ஒரு குழல்

வணக்கம் அண்ணா,

திருகோணமலை உப்புவெளியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். முதிரைக் கட்டையிலும் பித்தளைக் குழாயிலும் ஆறு துளை விசில் செய்கிறேன், அயர்லாந்துக்காரர் ஊதுகிற வகை. நிலாவெளிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். மூன்று அளவுகளுக்கு இராவணன், கோணேசர், கன்னியா என்று பேர் வைத்தேன். 'ட்ரிங்கோ விசில்' என்று வை, அதுதான் விலைப்படும் என்கிறார் ஒரு நண்பர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உறுப்புகளுக்கும் தமிழில் சொல் கிடைக்குமா?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் இராவணனை எடுத்துவிடுங்கள். மலையையே வாளால் பிளந்தவர் என்று நம் ஊர் சொல்லும் ஆளை ஒன்றரைச் சாண் குழலுக்குள் அடைத்தால், ஊதியதும் கீச்சென்று வரும் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் சிரித்துவிடுவார். கோணேசரும் வேண்டாம். எச்சில் படுகிற பொருளுக்குச் சாமி பேர் வைக்க உங்கள் வீட்டிலேயே விடமாட்டார்கள். கன்னியா நல்ல பேர். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உங்கள் குழலில் ஆறு துளை, ஏழு சுரம். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலையை ஆங்கிலத்தில் சுருக்கிய 'ட்ரிங்கோ' எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்ப் பேரை ஏற்கெனவே நிறையப் பேர் எடுத்துப் பாவித்துவிட்டார்கள். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்குத் திருகோணமலை என்று பேர். அது இப்போது இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற மரத்துக்கும் ஆங்கிலேய மர வியாபாரிகள் திருகோணமலை மரம் என்றே பேர் வைத்தார்கள். பீப்பாயும் படகும் செய்த மரம் அது. இரண்டுமே வெளியாட்கள் வைத்த பேர். உள்ளூர்க்காரர் நீங்களும் அதையே செய்ய வேண்டுமா?

எங்கள் அப்பப்பா டொக்யார்டில் வேலை செய்தவர். 1957இல் பிரிட்டிஷ் கடற்படை போன பிறகும் அவருடைய லாச்சியில் ஒரு கப்பல் ஊதல் கிடந்தது. மாலுமிகளை அழைக்கவும், அதிகாரி கப்பலேறும்போது மரியாதை செய்யவும் ஊதுவது. விரல் வைக்கத் துளையே இல்லை. உள்ளங்கையைத் திறந்து மூடித்தான் சுரத்தை ஏற்றி இறக்க வேண்டும். அதன் உறுப்புகளின் பேரைக் கேளுங்கள்: குழாய்க்குப் பீரங்கி, முனையிலிருக்கும் உருண்டைக்கு மிதவை, அடித்தகட்டுக்கு ஏரா (கப்பலின் அடிமரம்), சங்கிலி மாட்டும் வளையத்துக்குச் சங்கிலிப்பூட்டு. தலையைச் சுற்றிலும் கப்பல்தானே, கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பேர் வைப்பு இல்லை.

ஆகவே முழுக்குழலுக்குப் பேர் தேடுவதை விட்டு உறுப்புகளில் தொடங்குங்கள். காற்றை வெட்டுகிற அந்தக் கூரான விளிம்புக்கு 'அலகு' என்று சொல்லிப் பாருங்கள். பறவையின் மூக்கும் அலகு, கத்தியின் வாயும் அலகு. உங்கள் குழலின் முகப்பில் இரண்டுமே இருக்கின்றன. குழலின் வாய்க்குள் செருகும் மரத்துண்டுக்கு ஆப்பு, அதன் மேலே காற்றுப் போகிற இடுக்குக்கு மூச்சு வழி. நாகஸ்வரக்காரரிடமும் கேளுங்கள். ஊதுகிற நாணலுக்குச் சீவாளி, அதைச் செருகும் சின்னக் குழாய்க்குக் கெண்டை, அடியில் விரிகிற வாய்க்கு அணசு என்று அவர்களிடம் ஒரு பட்டியலே உண்டு. நாகஸ்வரத்திலேயே குட்டையாய் உச்சத்தில் பேசுவது திமிரி, நீளமாய்க் கீழே பேசுவது பாரி. பேரைச் சொன்னதுமே கையில் எடுக்கிறவருக்குச் சுருதி விளங்கிவிடுகிறது. உங்கள் மூன்று அளவுகளுக்கும் பேர் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

சுருதி என்றதும் இன்னொன்று. நம் ஊரில் 32 பாகை வெயிலில் சுருதி சேர்த்த குழல், 20 பாகைக் குளிரறையில் இறங்கிப் பேசும். ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3 சென்ட், அரைச்சுரம் என்பது 100 சென்ட். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஊதுகிறவரின் மூச்சுச் சூடு கொஞ்சம் ஈடு கட்டும், முழுக்க இல்லை. அதனால் தலைப்பகுதியை இழுத்து நீட்டவும் உள்ளே தள்ளவும் வருகிற மாதிரிச் செய்யுங்கள். சுருதியைப் பேருக்குப் பக்கத்திலேயே செதுக்கிவிடுங்கள். வெறும் 'கன்னியா' என்று வாங்கிப்போய், கிட்டாரோடு சேராமல் போனால் பழி உங்களுக்குத்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஊதுவாயைப் பித்தளையில் கடைய வேண்டாம். கடைசலுக்கென்று விற்கும் பித்தளைக் கம்பியில், இலகுவாக வெட்டுப்படுவதற்காக ஈயம் கலந்திருக்கும், 3 வீதம் வரையிலும்கூட. குழாய் பித்தளையாக இருக்கட்டும், உதடு படுகிற இடம் மரமாக இருக்கட்டும். கடற்காற்றில் களிம்பு பிடித்தால் புளி போட்டுத் தேய்க்கலாம், அது வீட்டுக்கு வீடு தெரிந்த வேலை. ஆனால் ஆப்பைக் கழற்றிவிட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். புளித்தண்ணீர் மூச்சு வழிக்குள் போனால் மரம் ஊதி, குழல் ஊமையாகிவிடும்.