அண்ணாச்சி பதில்கள்: வெற்றிவேற்கையும் கொக்கோகமும்

போன இதழில் காமத்துப்பாலைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி திட்டு, பாதி சந்தேகம். திட்டியவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் கேட்டவர்களுக்கும் இங்கே பதில். பெயர் போடவேண்டாம் என்று எல்லாருமே சொல்லிவைத்தது மாதிரிக் கேட்டிருப்பதால் ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, பிள்ளைகளுக்கு 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்துகிறவள் நான். அதைப் பாடிய அதிவீரராம பாண்டியர்தான் கொக்கோகம் என்கிற காமநூலையும் எழுதினார் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு சார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். உண்மையா? (ஆசிரியை, தென்காசி)

பதில்: சார் சிரிக்கட்டும் டீச்சர், அவர் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ஆண்ட 16ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் அவர். நீங்கள் எழுதிப்போடுகிற வரி வருகிற வெற்றிவேற்கை அவருடையது, 'நைடதம் புலவர்க்கு ஔடதம்' என்று பேர் வாங்கிய நைடதமும் அவருடையது, காசிகாண்டமும் கூர்ம புராணமும்கூட. கொக்கோகமும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. இல்லை, அது உறவினரான வரதுங்கராம பாண்டியர் செய்தது என்பாரும் உண்டு. வரதுங்கர் கரிவலம்வந்தநல்லூர் ஈசன்மேல் உருகி உருகி அந்தாதி பாடியவர். ஆக யாருடையது என்று வைத்துக்கொண்டாலும், நீதியும் பக்தியும் பாடிய ஒரு கைதான் இதையும் எழுதியிருக்கிறது. சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

மூலம் வடமொழி. கொக்கோகர் என்பவர் செய்த ரதிரகசியம்தான் தமிழில் கொக்கோகம் ஆனது. படித்துப் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட மலிவுப் பதிப்புகளின் அட்டைப்படத்தை நம்பி வாங்கியவர்கள் எல்லாரும் ஏமாந்துதான் போனார்கள். உள்ளே இருப்பது பட்டியல். பெண்கள் பத்தினி, சித்தினி, சங்கினி, அத்தினி என்று நான்கு சாதி, ஒவ்வொருத்திக்கும் நடை இன்னது, குரல் இன்னது, வளர்பிறையில் எந்தத் திதியில் ஆசை உடம்பில் எந்த இடத்தில் நிற்கும் என்று கணக்கு. கிட்டத்தட்ட பஞ்சாங்கம் பார்ப்பதுபோலத்தான். இந்த நான்கு சாதி வாத்ஸ்யாயனரின் காமசூத்திரத்தில்கூடக் கிடையாது. அவருடைய ஏழு பாகங்களில் புணர்ச்சிக்கு ஒன்றுதான், மிச்சமெல்லாம் வீடு எப்படி இருக்கவேண்டும், பெண் எப்படிப் பார்க்கவேண்டும், தூது யாரை விடவேண்டும் என்றுதான் போகும்.

எனக்குக் கொக்கோகத்தின்மேல் உள்ள குறை அது ஆபாசம் என்பதல்ல. நூல் முழுக்கப் பெண்ணைப் பற்றியே பேச்சு, ஆனால் ஒரு இடத்திலாவது அவள் வாயைத் திறக்கிறாளா பாருங்கள். அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால் சங்கப் பெண்புலவர் வெள்ளிவீதியார் குறுந்தொகையில் (27ஆம் பாட்டு) என்ன சொல்லியிருக்கிறார்?

'கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்ஆன் தீம்பால் நிலத்து உக்காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது'

நல்ல பசுவின் பால், கன்றும் குடிக்கவில்லை, பாத்திரத்திலும் விழவில்லை, தரையில் சிந்திப் போகிறது. அப்படித்தான் என் அழகு எனக்கும் இல்லாமல் என்னவனுக்கும் இல்லாமல் பசலை தின்னப் போகிறது என்கிறாள். அதில் 'எனக்கும் ஆகாது' என்பதை முதலில் வைத்தாள் பாருங்கள். அவனுக்குப் போய்ச் சேரவில்லை என்ற வருத்தம் இரண்டாவதுதான், என் உடம்பு எனக்கே ஆகவில்லையே என்பதுதான் முதல் வருத்தம். இந்த மாதிரிப் புத்தகம் எதை எடுத்தாலும் நான் பார்ப்பது இதைத்தான்: பேசுகிறது யார்? கொக்கோகத்தைப் படித்து முடிக்கிற பொறுமை உங்கள் சாருக்கு இருக்கிறதா என்று நாளைக்கு ஒருதரம் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: பெருமாள் கோவிலில் சேவிக்கிற பாசுரத்தில் முலை என்றும் அணைப்பு என்றும் வருகிறதே, இது எப்படி பக்தி ஆகும் என்று காலேஜில் படிக்கிற மகள் கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஆழ்வார்திருநகரி)

பதில்: கேட்கவேண்டிய ஊரில் இருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் நம்மாழ்வார் திருவாய்மொழியில் பல பதிகங்களில் பெண்ணாகிவிடுகிறார், பராங்குச நாயகி என்று அதற்குப் பேரே வைத்திருக்கிறார்கள். சில இடத்தில் மகள் பேசுவாள், சில இடத்தில் தோழி, சில இடத்தில் பெற்ற தாய். பக்கத்துத் திருக்கோளூருக்கு 'உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம் கண்ணன்' என்கிற பதிகத்தைச் சொல்லிப்பாருங்கள். பெண்ணைக் காணோம், எங்கே போயிருப்பாள், கட்டாயம் திருக்கோளூருக்குத்தான் போயிருப்பாள் என்று தாய் புலம்புகிறாள். ஊரைச் சொல்லி, வெற்றிலையைச் சொல்லி, ஓடிப்போன பெண்ணின் அம்மா பேசுகிற பேச்சு அது. இரட்டைத் திருப்பதிக்குத் தோழி பேச்சு, தென்திருப்பேரைக்கு மகளே பேசுகிறாள், யார் தடுத்தாலும் போயே தீருவேன் என்று. இந்த ஊர்களெல்லாம் அடங்கிய நவதிருப்பதிக்கு வேனில் போகிறவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இந்தப் பதிகங்களை வாசித்துக்கொண்டே போனால் ஒரு காதல் கதையே கிடைக்கும்.

இதற்கு வைணவ ஆசாரியர்கள் வெட்கப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. 'ஞானத்தில் தம்பேச்சு, பிரேமத்தில் பெண்பேச்சு' என்று ஆசார்ய ஹ்ருதயம் என்கிற நூலில் ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அறிவு பேசினால் ஆழ்வாராகப் பேசுவார், ஆசை பேசினால் பெண்ணாகத்தான் பேசவேண்டியிருக்கிறது.

ஆண்டாளுக்கு அந்த வேஷமும் தேவைப்படவில்லை. திருப்பாவை 30 பாட்டை மார்கழி முழுக்க மைக் வைத்துப் பாடுகிறோம், நாச்சியார் திருமொழி 143 பாட்டில் கல்யாண வீட்டில் வாரணமாயிரம் சொல்வதோடு மூடி வைத்துவிடுகிறோம். அதற்கடுத்துச் சங்கைப் பார்த்து 'கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று அவன் வாயின் மணத்தை விசாரிக்கிற பாட்டு வருகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், என்னைக் கண்டுகொள்ளாத அந்தக் குறும்பனைப் பார்த்தேன் என்றால் பயனில்லாத இந்தக் கொங்கையைக் கிழங்கோடு பறித்து அவன் மார்பில் எறிவேன் என்கிறாள். மகளிடம் அந்தப் பாட்டைக் கொடுங்கள். 'இது எப்படி பக்தி ஆகும்' என்கிற கேள்வியை அவளே திருப்பிப் போட்டு, இவ்வளவு கோபமும் உரிமையும் இல்லாத பக்தி என்ன பக்தி என்று உங்களைக் கேட்டாலும் கேட்பாள்.

சைவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். மாணிக்கவாசகர் திருக்கோவையார் 400 பாட்டும் அகத்துறைதான். அந்தணர் வேதம் என்பார்கள், யோகியர் ஆகமம் என்பார்கள், காமுகர் காம நூல் என்பார்கள், புலவர் இலக்கணம் என்பார்கள் என்று அதைப் பற்றியே ஒரு பழைய வெண்பா... இல்லை, கட்டளைக் கலித்துறை இருக்கிறது. இவர்களில் யாரையும் அது தப்பென்று சொல்லவில்லை.

கேள்வி: குற்றாலக் குறவஞ்சியில் மந்தி பாட்டைத் தாண்டி எதுவும் பாடப்புத்தகத்தில் வரமாட்டேன் என்கிறதே? (மேலகரம்)

பதில்: திரிகூட ராசப்பக் கவிராயர் ஊர்க்காரர் கேட்கிறீர்கள், மறுக்க முடியுமா! நாயகி வசந்தவல்லி பந்தடிப்பதையே 'குழைந்து குழைந்தாட' என்கிற இடத்தில் வாத்தியார்கள் வேகமாக வாசித்துத் தாண்டுவார்கள். உண்மையான சரக்கு கடைசியில் குறவன் சிங்கனும் அவன் பெண்டாட்டி, குறி சொல்கிற சிங்கியும் சந்திக்கிற இடம். ஊர் ஊராகக் குறி சொல்லிவிட்டு வந்தவளைக் காலில் இருந்து ஆரம்பித்து மேலே மேலே விசாரிக்கிறான். காலில் என்ன விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறது என்றால், 'சேலத்து நாட்டில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு கிடக்குதடா சிங்கா' என்பாள். தொடையில் என்ன வாழைக் குருத்தை விரித்து மடித்திருக்கிறது என்றால், அது 'நெல்வேலியார் தந்த சல்லாச் சேலை'. நம்ம ஊர்க்காரன் கொடுத்த மெல்லிய சேலை எங்கே போய் இலக்கியத்தில் இடம் பிடித்திருக்கிறது பாருங்கள். சந்தேகமும் ஆசையும் கலந்த விசாரணை அது. கடைசியில் சிங்கனுக்குப் பொறுக்கவில்லை, கட்டிக்கொண்டு முத்தம் கொடுக்கட்டுமா என்கிறான். நடுப் பட்டப்பகலிலா என்கிறாள் அவள். இன்னும் எல்லை மீறினால், காமம் மட்டுப்படவில்லை என்றால் மண்ணோடு போய் முட்டடா என்கிறாள். வசந்தவல்லி விரகத்தில் தேய்கிறாள், சிங்கி சிரிக்கவைக்கிறாள், அதே நூலில். கோவிலுக்காகப் பாடிய நூல் என்பதையும் மறக்கவேண்டாம். கவிதையை ரசித்து ரசிக்கவைத்த டி.கே.சி. மாதிரி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக் காட்டினால் பாடப்புத்தகமே வேண்டாம்.

கேள்வி: புதிதாகக் கல்யாணமான தம்பிக்கு என்ன புத்தகம் கொடுக்கலாம்? (அம்பாசமுத்திரம்)

பதில்: காமத்துப்பால், 25 அதிகாரம், 250 குறள். முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள்: 'வழுத்தினாள் தும்மினேன் ஆக அழித்தழுதாள் யாருள்ளித் தும்மினீர் என்று.' தும்மினான், நூறாண்டு என்று வாழ்த்தினாள், உடனே எவள் நினைத்துத் தும்மினீர் என்று அழுதாள். அடுத்த குறளில் தும்மலை அடக்குகிறான், அதற்கும் அழுகை. தம்பிக்கு இது வரும்முன் காக்கும் மருந்து. வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் லத்தீனில் பெயர்த்துவிட்டு இந்தப் பாலை விட்டுவிட்டார். நம்ம சாயர்புரத்தில் இருந்து ஊழியம் செய்த ஜி.யு. போப் 1886இல் மூன்று பாலையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்.

கேள்வி: பெண்பிள்ளைகள் படிக்கிற பத்திரிகையில் இதெல்லாம் தேவையா? (பாளையங்கோட்டை)

பதில்: இதில் சிலதை எழுதியதே பெண்பிள்ளைகள்தானே ஐயா. தஞ்சாவூர் அரண்மனையில் 18ஆம் நூற்றாண்டில் முத்துப்பழனி தெலுங்கில் ராதிகா சாந்த்வனமு எழுதினாள். தான் வளர்த்த பெண்ணையே கண்ணனுக்குக் கட்டிவைத்துவிட்டு அப்புறம் தாங்கமுடியாமல் தவிக்கிற ராதையின் கதை. பெரிய மனிதர்கள் முகம் சுளித்த அந்த நூலைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் முழுசாக அச்சுக்குக் கொண்டுவந்தார், மறுவருஷமே வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது, சுதந்திரத்தை ஒட்டித்தான் தடை நீங்கியது. அதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் எழுப்பியவர். உங்கள் சந்தாவை நிறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள், இரண்டு மாசம் பாக்கி இருக்கிறது, அதுவரை இதழ் வரும்.

கேள்வி: கரிசல் காட்டுக் கெட்ட வார்த்தைகளையும் பாலியல் கதைகளையும் ஆய்வுக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். கைடு முகத்தைச் சுளிக்கிறார். (ஆய்வு மாணவர், கோவில்பட்டி)

பதில்: எழுத்தாளர் கி.ரா.வின் ஊரான இடைசெவல் உங்களுக்குப் பக்கம்தானே தம்பி. கி.ரா.வின் 'வயது வந்தவர்களுக்கு மட்டும்', அவரும் கழனியூரனும் சேர்ந்து கொண்டுவந்த 'மறைவாய் சொன்ன கதைகள்' இரண்டையும் கைடு மேஜையில் வையுங்கள். எழுதப்படிக்கத் தெரியாத சனங்கள் களத்துமேட்டில் சொல்லிச் சிரித்த கதைகள், எந்த வகுப்பறையிலும் சொல்லித்தராத விஷயம் பாதிப்பேருக்கு இதில் இருந்துதான் தெரிந்தது. எல்லாக் கதையும் நல்ல கதை என்று சொல்லமாட்டேன், சிலது வெறும் ஆம்பிளைக் கொழுப்பு. அதையும் ஆய்வில் சொல்லுங்கள். வார்த்தைகளுக்குப் பெருமாள்முருகனின் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' படியுங்கள். இலக்கண ஆதாரம் வேண்டும் என்று கைடு கேட்டால் தொல்காப்பியத்தில் 'அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்' இருக்கிறது. சபையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல் என்றுதான் விதி, சொல்லாதே என்று இல்லை.

அப்புறம், கதை சேகரிக்கப் போகிறபோது ஆச்சிமாரிடம் கேளுங்கள், தாத்தாமாரை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். தாத்தா இருந்தால் ஆச்சி ராமாயணம்தான் சொல்வாள். ரெக்கார்டரை முன்னால் நீட்டாமல், ஒரு கட்டு வெற்றிலை வாங்கிக்கொண்டு போய், மதியச் சாப்பாடு முடிந்து திண்ணையில் நாலு பெண்டுகள் சேர்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள். யாராவது அக்காவோ மதினியோ கூட வந்தால் இன்னும் நல்லது.