முள்ளம்பன்றி முள் குத்திய காவல் நாய்: ஆறி ஆறி உடையும் புண்

கேள்வி: பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் போட்டிருக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன் எங்கள் காவல் நாய் முள்ளம்பன்றியை விரட்டிப் போய், இடது தோளில் முள் குத்தி வந்தது. நாங்களே பிடுங்கிவிட்டோம். இப்போது அங்கே வீங்கிச் சீழ் வடிகிறது. ஊசி போட்டால் ஆறுகிறது, நிறுத்தினால் மறுபடி உடைகிறது. என்ன செய்யலாம்?

பதில்: மருந்து இருக்கும்வரை ஆறி, நிறுத்தியதும் உடைகிற புண்ணில் ஏதோ உள்ளே தங்கியிருக்கிறது என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். முள்ளின் நுனி ஒடிந்து சதைக்குள் நின்றிருக்கலாம். மருந்து கிருமியை அடக்கும், முள்ளைக் கரைக்காது. ஊசியை மாற்றி மாற்றிப் போடுவதில் காசும் நாளும் போவதுதான் மிச்சம்.

பிடுங்கிய முள் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். முழு முள்ளின் நுனி ஊசியாக இருக்கும். மொட்டையாகவோ பிசிறாகவோ இருந்தால் மீதி உள்ளேதான். அதை டாக்டரிடமும் காட்டுங்கள். முள் உள்ளுக்குள் நகரும் என்பதால் வீக்கம் குத்திய இடத்திலிருந்து தள்ளியும் வரலாம்.

எக்ஸ்ரேயில் முள்ளும் மரச்சிராயும் பல நேரம் தெரியாது. 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்றதும் விட்டுவிடாமல் ஸ்கேன் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து, சீழ் வரும் பாதையைத் திறந்து முள்ளை எடுத்தால்தான் புண் நிரந்தரமாக ஆறும். உள்ளூரில் வசதி இல்லையென்றால் தேனி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள்.

தோளுக்குப் பக்கத்திலேயே நெஞ்சுக்கூடு இருப்பதுதான் எனக்குக் கவலை. நாய் தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனாலோ, காய்ச்சல், இருமல் இருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ அன்றைக்கே கிளம்புங்கள். வலிக்கிறதே என்று நம் வீட்டு மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் நாய்க்கு விஷமாகலாம். புண்ணுக்குள் மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

இனி முள் குத்தினால் செய்ய வேண்டியது இது. நம் ஊர் முள்ளம்பன்றியின் முள்ளில் கொக்கி கிடையாது. காலில் மேலாகக் குத்தியிருந்தால், தோலை ஒட்டிக் குறட்டால் பிடித்து, குத்திய வாக்கிலேயே நேராக இழுங்கள். திருகினால் ஒடியும். வெட்டினால் சுலபமாக வரும் என்பார்கள், அது பிளந்து சிதறத்தான் செய்யும். வலியில் வளர்த்தவரையே கடிக்கும், ஆகவே வாயைத் துணியால் கட்டுங்கள். மூச்சுத் திணறினால் கட்டக் கூடாது.

நெஞ்சு, வயிறு, கண், கழுத்து என்றால் கையே வைக்காதீர்கள். முள்ளோ குச்சியோ அதுவே இரத்தத்தை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டி, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரத் தாமதமானால் ஜீப் பிடித்துக் கிளம்பிவிடுங்கள்.