மகளைத் தண்ணீர் வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: சிவில் இன்ஜினியரிங் முடித்த என் மகளுக்குக் குடிநீர்த் திட்டத்தில் சைட் வேலை கிடைத்திருக்கிறது. பம்ப் ஹவுஸ், பைப் உடைப்பு என்று ராத்திரியில் அலைவது பெண்ணுக்கு எதற்கு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அனுப்பலாமா?
- ஒரு வாசகி, தருமபுரி

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால் ஃபுளோரைடு கலந்த நீர் உங்கள் மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகளின் பல்லைக் கறையாக்கியது, அந்த நீரையும் குடம் குடமாகச் சுமந்தது பெண்கள்தானே? ஆனால் குடிநீர் நிறுவன ஊழியர்களில் ஐந்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்கிறது உலக வங்கியின் 2019 ஆய்வு. எனக்கு இது பெரிய ஆதங்கம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி தருகிறார்கள், நல்ல விஷயம், அப்படியே வால்வும் மோட்டாரும் பட்ஜெட்டும்கூடப் பெண்கள் கைக்கு வரட்டும்.

சரி, உங்கள் பயமும் நியாயமானதே. சேரும் முன் மகளை மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: சைட்டில் கழிப்பறை உண்டா, ராத்திரி வேலைக்கு வண்டி வருமா, பாலியல் புகாருக்கு உள்குழு இருக்கிறதா. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் குழு 2013 சட்டப்படி கட்டாயம். அப்புறம், முதல் நாள் நீங்களும் கூடப் போய் அந்த பம்ப் ஹவுஸைப் பார்த்துவிட்டு வாருங்கள்.