திருவிதாங்கூர் சங்குத் தபால்தலை: உறையிலிருந்து பிரிக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் மார்த்தாண்டம். என் கொள்ளுத்தாத்தா திருவிதாங்கூர் சர்க்காரில் மராமத்து இலாகாவில் வேலை பார்த்தவர். அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டியில் கட்டாகக் கிடைத்தன. பல உறைகளில் சங்கு படம் போட்ட சின்ன தபால்தலைகள். சிலவற்றின் மேல் ஆங்கிலத்தில் 'ஆன் எஸ் எஸ்' என்று கறுப்பில் அச்சாகியிருக்கிறது. ஒன்றில் பேச்சிப்பாறை அணை. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து ஆல்பத்தில் ஒட்டலாமா? லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? இதையே தொடர்ந்து சேகரிக்க எப்படித் தொடங்குவது?

பதில்: முதலில் அந்தத் தண்ணீர்த் தட்டைத் தள்ளி வையுங்கள். ஒரு தபால்தலையைக்கூட உறையிலிருந்து பிரிக்காதீர்கள். கத்தரிக்கோலால் மூலையை வெட்டி எடுப்பதும் வேண்டாம்.

காரணம் இதுதான். உதிரி சங்குத் தபால்தலைகள் இன்றும் ஏராளமாகப் புழங்குகின்றன. ஒரு சக்கரம், அரைச் சக்கரம் (சக்கரம் என்பது அன்றைய திருவிதாங்கூர் நாணயம்) போன்ற சாதாரண மதிப்புகள் ஐம்பது, நூறு என்று பொட்டலமாகவே விற்கின்றன. ஆனால் யார், எந்த ஊரிலிருந்து, என்றைக்கு, யாருக்கு எழுதினார் என்று காட்டும் முழு உறை அப்படிக் கிடைக்காது. கடிதத்தைப் படித்து முடித்ததும் உறையைத் தூக்கிப் போடுவதுதானே நம் வழக்கம். பழைய சேகரிப்பாளர்களும் தபால்தலையை மட்டும் ஊறவைத்து எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிட்டார்கள். இன்று அந்தச் சமஸ்தானமே இல்லை. அதன் அஞ்சல் எப்படி ஓடியது என்பதற்கு மிஞ்சியிருக்கும் நேரடிச் சான்று உங்கள் பெட்டியில் இருப்பது போன்ற உறைகள்தான். உறையோடு இருக்கும் தபால்தலை ஒரு ஆவணம். பிரித்துவிட்டால் அது ஆயிரத்தோடு ஆயிரத்தொன்று, அவ்வளவுதான்.

சரி, உங்களிடம் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

திருவிதாங்கூர் தன் முதல் தபால்தலைகளை 1888 அக்டோபரில் வெளியிட்டது. ஒன்று, இரண்டு, நான்கு சக்கரம் என மூன்று மதிப்புகள். நடுவில் சமஸ்தானச் சின்னமான சங்கு. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சங்கு வடிவமைப்பு அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியதால், சங்கைப் பார்த்ததுமே '1888 தபால்தலை' என்று முடிவு கட்ட முடியாது. உங்களிடம் லட்சக் கணக்கு சொன்னவர் அனேகமாக இந்த இடத்தில்தான் தவறியிருப்பார். 1888 வெளியீடு, வெளிச்சத்தில் பிடித்தால் இணைகோடுகள் தெரியும் காகிதத்தில் அச்சானது. அடுத்து வந்தவை கோடில்லாத காகிதத்தில், சங்கு வாட்டர்மார்க்குடன் (காகிதத்துக்குள்ளேயே மங்கலாகத் தெரியும் குறி) வந்தன. அந்த வாட்டர்மார்க்கிலேயே பல வகை உண்டு. உதிரித் தபால்தலையாக இருந்தால் கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து இதைப் பார்க்கலாம். உறையில் ஒட்டியிருக்கும்போது பார்க்க முடியாது, பார்க்கவும் வேண்டாம். உங்களுக்கு அஞ்சல் முத்திரையில் இருக்கும் தேதியே போதும்.

தேதி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தின் உள்ளே கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். ஆவணிப் பிறப்பு முதல் டிசம்பர் முடிய உள்ள தேதியானால் 824ஐக் கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி முடிய என்றால் 825. உதாரணத்துக்கு, எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது கொல்லம் 1112 ஐப்பசி, அதாவது 1936 நவம்பர் 12. அடுத்த ஆண்டு அதற்காகவே நான்கு மதிப்புகளில் தபால்தலை வந்தது. கோயிலுக்குள் போக இன்னாருக்கு உரிமை என்று ஒரு அரசு தபால்தலையிலேயே அறிவித்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். அந்த நான்கில் ஒன்று உங்கள் கட்டில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். பெரிய விலைக்காகச் சொல்லவில்லை. உங்கள் ஊர் முத்திரையோடு அது கிடைப்பது எனக்கு ஒரு அபூர்வ சங்குத் தபால்தலையை விட மேல்.

'ஆன் எஸ் எஸ்' என்றால் அரசு அலுவலகக் கடிதம். 1911 முதல் சங்குத் தபால்தலைகளின் மேல் இந்த எழுத்தை அச்சடித்து அலுவலகங்களுக்குக் கொடுத்தார்கள். எழுத்தின் அளவு, இடைவெளி, மையின் நிறம் எல்லாம் மாறி மாறி வரும். தலைகீழாக அச்சான பிழைகளும் உண்டு. அச்சு உள்ளூரிலேயே நடந்ததால் துளையிடுவதிலும் ஒழுங்கு கிடையாது. ஒரே தபால்தலையில் ஒரு பக்கம் 11, மறு பக்கம் 12½ என்று இருக்கும் (2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்ற கணக்கு). பலர் இந்தத் தபால்தலைகளில் மூழ்கிப்போவது இந்தக் குளறுபடிகளால்தான். போலிகள் நுழைவதும் இதே வழியில். சாதாரணத் தபால்தலை மேல் பிற்காலத்தில் ஓவர்பிரிண்ட் (இப்படி மேலே அச்சடிக்கும் எழுத்து) போட்டுவிடுவது கடினமான வேலை அல்ல. உங்கள் உறைகள் வீட்டுப் பெட்டியிலிருந்து வந்தவை என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை. வெளியில் வாங்கும்போது, 'தலைகீழ் ஓவர்பிரிண்ட்' என்று யார் கொடுத்தாலும் நிபுணர் குழுச் சான்றிதழ் கேளுங்கள். லண்டன் ராயல் ஃபிலாட்டலிக் சொசைட்டியின் சான்றிதழ் எல்லா இடத்திலும் மதிக்கப்படும்.

பேச்சிப்பாறை உறை எனக்கு ஆவலைக் கிளப்புகிறது. சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27ஆவது பிறந்தநாளுக்காக 1939இல் வந்த வரிசை அது. அதில் கன்னியாகுமரி ஏழு சக்கரம், பேச்சிப்பாறை நீர்த்தேக்கம் பதினான்கு சக்கரம். பதினான்கு சக்கரம் என்றால் அரை சர்க்கார் ரூபாய். ஒரு சாதாரணக் கடிதத்துக்கு அது தேவையே இல்லை. அந்த உறையைத் திருப்பிப் பாருங்கள். பதிவுத் தபால் சீட்டு, கனமான பார்சலின் அடையாளம், அரக்கு முத்திரை ஏதாவது இருக்கிறதா? உயர்ந்த மதிப்பு தபால்தலை உண்மையாகவே கடிதத்தில் பயன்பட்டு வருவது அரிது. உங்கள் கட்டிலேயே முக்கியமான உறை அதுவாக இருக்கலாம். ஒரு நிபுணரிடம் நேரில் காட்டவேண்டியதும் அதைத்தான்.

கட்டில் பிரிட்டிஷ் மன்னர் தலை போட்ட தபால்தலைகள் இருந்தால் அவற்றையும் ஒதுக்காதீர்கள். திருவிதாங்கூர் சர்க்காரின் சொந்தத் தபால் துறைக்குத்தான் 'அஞ்சல்' என்று பெயர். அந்த அஞ்சல் தபால்தலை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் செல்லாது. அதனால் திருவிதாங்கூருக்குள் சர்க்கார் அஞ்சலும் பிரிட்டிஷ் தபாலாபீஸும் அருகருகே இயங்கின. திருநெல்வேலியிலிருந்து வந்த கடிதமும் தக்கலையிலிருந்து வந்த கடிதமும் ஒரே வீட்டுக்கு இரண்டு வெவ்வேறு நிர்வாகங்கள் வழியாக வந்து சேர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தக் கதை தானாகவே தெரியும்.

தொடர்ந்து சேகரிப்பது பற்றி. திருவிதாங்கூர் முழுவதையும் சேர்க்க இறங்காதீர்கள். வாட்டர்மார்க், துளை, நிற வேறுபாடு என்று போனால் பணமும் பொறுமையும் சேர்ந்தே கரையும். நீங்கள் செய்யக்கூடியது, வேறு ஊர்க்காரரால் எளிதில் செய்ய முடியாதது ஒன்று இருக்கிறது: தென் திருவிதாங்கூர் முத்திரைகள். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை, குளச்சல், சுசீந்திரம், இந்தப் பக்கம் செங்கோட்டை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுக்கு வந்த இந்த ஊர்களின் அஞ்சல் முத்திரைகளை மட்டும் தேடுங்கள். மங்கலான முத்திரை வேண்டாம். ஊர்ப்பெயரும் தேதியும் படிக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள், சாதாரண அரைச் சக்கரத் தபால்தலையாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசிக் கட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, கையிருப்பில் இருந்த சக்கரத் தபால்தலைகள் மேல் அணா, பை (அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு) மதிப்பை அச்சடித்து விற்றார்கள். 1951இல் அஞ்சல் இலாகா இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. இந்த இரண்டு வருட உறைகளில் பழைய நாடும் புதிய நாடும் ஒரே தபால்தலையில் இருக்கும். விலையும் இன்னும் கைக்கெட்டும் அளவில்தான்.

வாங்கும் இடம்: ஃபிலாட்டலி (தபால்தலை சேகரிப்பு) கண்காட்சிகளின் விற்பனை மேசைகள், ஏல நிறுவனங்கள், அப்புறம் பழைய பேப்பர் கடைகள். கடைசியில் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குமரி மாவட்டத்தில் பழைய வீடு இடிக்கும் இடங்களில் இன்னும் கடிதக் கட்டுகள் எடைக்குப் போகின்றன. அடையாளம் காண ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாக்கில் இந்தியச் சமஸ்தானப் பகுதி போதும். அதில் போட்டிருப்பது கடைக்காரர் நல்ல பிரதிக்குச் சொல்லும் விலை. நீங்கள் விற்கப் போனால் அதில் ஒரு பங்குதான் கைக்கு வரும்.

பாதுகாக்க, உறைகளை பாலியெஸ்டர் உறைக்குள் போட்டு நிமிர்த்தி வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக், செல்லோடேப், ரப்பர் பேண்ட், உலோக கிளிப் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. உங்கள் ஊர் ஈரத்துக்குப் பழுப்புப் புள்ளி சீக்கிரம் விழும். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். உறைக்குள் இருக்கும் கடிதத்தைத் தனியே பிரித்து வைத்துவிடாதீர்கள், இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டும். உறைகளின் மேல் பேனாவால் எதுவும் எழுத வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது விலை கேட்டால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். 100 ஆண்டு தாண்டிய தொல்பொருட்களையும், 75 ஆண்டு தாண்டிய வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களையும் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. உங்கள் கட்டில் பல உறைகள் அந்த வரம்புக்குள் வரக்கூடும். இந்தியத் தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே அடுத்த பேச்சு.