இருமல் நின்ற பிறகும் ஆறு மாதம் ஏன்?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் காசநோய். மாத்திரை தொடங்கி மூன்றே வாரத்தில் இருமல் நின்றுவிட்டது. இரண்டாம் மாத முடிவில் சளியிலும் கிருமி இல்லை என்றார்கள். இன்னும் நான்கு மாதம் எதற்கு?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சளியில் தெரியவில்லை என்றால் நுரையீரலில் இல்லை என்று பொருளல்ல. ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் மைக்ராஸ்கோப்பில் கண்ணில் படும்.

மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் உறங்கும் கிருமிகள். ஐசோனியாசிட், கிருமி தன் மெழுகுச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் மருந்து. சுவர் கட்டிப் பெருகிக்கொண்டிருக்கும் கூட்டம் முதல் சில நாட்களிலேயே மளமளவென்று சாகும். கட்டுவதையே நிறுத்திவிட்டுக் கிடக்கும் கிருமியை அது என்ன செய்யும்? அங்கேதான் ரிபாம்பிசின் வேண்டும். உறங்கும் கிருமி எப்போதாவது விழித்துச் சற்று நேரம், புரதம் செய்யத் தேவையான ஆர்.என்.ஏ. தயாரிக்கும், ரிபாம்பிசின் அதைத் தடுத்துக் கொல்லும். எந்தக் கிருமி எந்த நாளில் விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. விழிக்கிற அன்று உடம்பில் மருந்து இருந்தாக வேண்டும். அதனால்தான் ஒரு நாள்கூட விடாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

கேள்வி: அப்படித் தப்புபவைதான் பல மருந்துகளுக்கும் அடங்காத எம்.டி.ஆர். கிருமிகளா?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. எம்.டி.ஆர். கிருமியில் மரபணுவே மாறியிருக்கும், வாரிசுகளுக்கும் அது போகும். உறக்கம் தற்காலிக நிலைதான். 1944இல் ஜோசப் பிக்கர் என்ற நுண்ணுயிர் ஆய்வாளர், பெனிசிலினுக்குத் தப்பிய ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளை மறுபடி வளர்த்துப் பார்த்தார். அவற்றின் வாரிசுகள் பழையபடி பெனிசிலினுக்கே செத்தன. ஆனால் மருந்தைப் பாதியில் விட்டால் தப்பியவை மீண்டும் கோடிக்கணக்கில் பெருகும். அத்தனை பெருக்கத்தில் மரபணு மாறிய ஒன்று பிறக்க இடம் உண்டு.

கேள்வி: காசநோய் மருந்துகளில் பைரசினமைடை மட்டும் இரண்டு மாதத்தோடு நிறுத்துவது ஏன்?
– வாசகர், ஓசூர்

பதில்: அது அமிலச் சூழலில் சோம்பிக் கிடக்கும் கிருமிகளைக் கொல்லும். அழற்சி மிகுந்த முதல் இரண்டு மாதத்தில்தான் அதற்கு வேலை அதிகம். நீட்டித்தால் கல்லீரலுக்குச் சுமை. யூரிக் அமிலம் ஏறி மூட்டுவலியும் வரலாம். கண் மஞ்சளானால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: காசநோய்க் கிருமி கொலஸ்ட்ராலைத் தின்னும் என்று படித்தேன். முட்டையை நிறுத்தலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வேண்டவே வேண்டாம். கிருமி தின்பது, அது குடியிருக்கும் வெண்ணணுவின் கொலஸ்ட்ராலை. தட்டில் இருக்கும் முட்டையைக் குறைப்பதால் அதன் சாப்பாடு குறையாது. கொலஸ்ட்ராலைச் சிதைக்கும்போது புரோப்பியோனேட் என்ற பொருள் மிஞ்சும். அது சேர்ந்தால் கிருமிக்கே நஞ்சு. அதையே மூலப்பொருளாக்கி, வெண்ணணுவின் தாக்குதலை மழுங்கடிக்கும் மெழுகு ஒன்றைத் தயாரித்து மேலே பூசிக்கொள்கிறது. உணவே ஆயுதமாகும் இந்த இடத்தைத்தான் புது மருந்து தேடுபவர்கள் குறிவைக்கிறார்கள்.

நோயாளிக்கு எடை ஏற வேண்டும். முட்டை, பருப்பு, கடலை கொடுங்கள். மாதாமாதம் எடை பாருங்கள்: பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை தினமும் 35–49 கிலோவுக்கு 3, 50–64 கிலோவுக்கு 4. எடை அடுத்த பிரிவுக்குப் போயிருந்தால் மாத்திரை தருபவரிடம் சொல்லி எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளுங்கள்.