ஏழாவது கிண்ணத்துக்குப் பிறகு

வணக்கம் ஐயா,

ஒரு வருடமாகத் தாவோ என்ற பழைய சீன ஞான வழியில் வாழ முயன்றுவருகிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து ‘அமர்ந்து மறத்தல்’ என்ற தியானம். பிறகு சீனத் தேநீர். இதற்கென்றே மூங்கில் தட்டும் மண் குடுவையும் மூடிபோட்ட கிண்ணமும் வாங்கினேன். சிங்மிங் திருநாளுக்கு முன்னால் பறித்த லாங்ஜிங் தேயிலை மட்டும்தான் குடிக்கிறேன். விலை அதிகம், ஆனால் முதல் பறிப்பின் தூய்மை வேறு எதிலும் இல்லை. லூ தோங் கவிஞரின் ‘ஏழு கிண்ணம்’ வரிகளை அச்சிட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

குரு இல்லாமல் இந்தத் தியானத்தைத் தொடரலாமா? நான் உட்காரும் நேரம் பார்த்துத்தான் அம்மா மிக்சி போடுகிறார். மனம் கலைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்? வெளியே போனால் இஞ்சி போட்ட பால் டீ குடிக்க வேண்டிவருகிறது. அது தடையா? செய்தித்தாளையும் நிறுத்திவிட்டேன். உலகத்தில் நடப்பவற்றில் தலையிடாமல் இருப்பதுதானே தாவோ?

ஆர்.,
கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் கேள்விகளையெல்லாம் தாண்டி என் கண் அந்தச் சுவரில் போய் நின்றுவிட்டது. கொஞ்ச நாளாக நானும் அந்தக் கவிதையோடுதான் இருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

குரு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். உட்காருங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியில் உட்காருங்கள். படபடப்போ தூக்கமின்மையோ வந்தால் நிறுத்திவிட்டு ஒரு மருத்துவரைப் பாருங்கள். மிக்சி விஷயம்: காலை ஐந்தரைக்கு அம்மா எதை அரைக்கிறார்? நீங்கள் டப்பாவில் எடுத்துப்போகும் சட்னியைத்தானே? நாளையிலிருந்து அதை நீங்கள் அரையுங்கள். அரைத்து முடித்த பிறகு உட்காருங்கள். அம்மாவும் இன்னும் அரை மணி நேரம் தூங்கட்டும். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

இனி சுவர். அங்கே மாட்டியிருப்பது முழுக் கவிதை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். உலகம் முழுக்கத் தேநீர்க் கடைகளில் தொங்குவது அதன் நடுப்பகுதி மட்டும்தான். முதல் கிண்ணம் உதட்டையும் தொண்டையையும் நனைக்கிறது, இரண்டாவது தனிமையை உடைக்கிறது, நான்காவதில் லேசாக வியர்த்து வாழ்க்கையில் பட்ட அநியாயமெல்லாம் மயிர்க்கால் வழியே வெளியேறுகிறது, ஏழாவதைக் குடிக்கவே முடியவில்லை, இரண்டு அக்குளிலும் காற்று வீசுகிறது. அதோடு வெட்டிவிடுகிறார்கள்.

கவிதை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? சீனாவில் தாங் அரசர்கள் காலம், சுமார் 1200 வருடங்களுக்கு முன். வெயில் ஏறியும் லூ தோங் நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார். ஒரு படைவீரர் கதவை இடித்து எழுப்புகிறார். மெங் என்ற அதிகாரி கொடுத்தனுப்பிய பொதி. வெள்ளைப் பட்டில் சுற்றி, மூன்று முத்திரை வைத்தது. பிரித்தால் உள்ளே நிலா வடிவத்தில் 300 தேயிலை வில்லைகள். இந்த மெங்கின் பதவியைக் கவனியுங்கள். பேரரசர் தவறு செய்தால் எடுத்துச் சொல்வதற்கென்றே வைத்திருந்த பதவி அது. அடுத்து ஒரு வரி வருகிறது: பேரரசர் யாங்சியான் ஊர்த் தேயிலையைச் சுவைக்க வேண்டும், அதனால் வேறு எந்தச் செடிக்கும் முந்திக்கொண்டு பூக்கத் துணிவில்லை. அப்புறம்தான் லூ தோங் படலைச் சாத்திக்கொண்டு, தானே தேயிலையைக் காய்ச்சி, கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கிறார்.

ஏழாவது கிண்ணத்துக்குப் பிறகு என்ன? அந்தக் காற்றில் ஏறி பெங்லாய் மலைக்குப் போக ஆசைப்படுகிறார். தாவோ சித்தர்கள் வாழ்வதாகச் சொல்லப்படும் மலை அது. நீங்களும் நானும் ஆசைப்படுகிற இடம்தான். அங்கே போகிற ஆசையைச் சொன்ன அடுத்த மூச்சிலேயே கவிதை திரும்புகிறது. மலைமேல் இருந்து கீழுலகை ஆளும் அந்தச் சித்தர்கள் மழையும் காற்றும் தீண்டாத உயரத்தில் இருக்கிறார்கள். கோடிக்கணக்கான எளிய மனிதர்கள் செங்குத்துப் பாறைகளில் விழுந்து படுகிற பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்? இந்த மக்களுக்கு என்றைக்காவது மூச்சுவிட நேரம் கிடைக்குமா என்று, தேயிலை அனுப்பிய அதிகாரியிடமே அவர்கள் சார்பில் கேட்டு முடிக்கிறார். நீங்கள் மாட்டியிருப்பது இந்தக் கேள்வியை நறுக்கி எறிந்த மிச்சம்.

சொல்லப்போனால், உங்களிடம் எனக்குள்ள சண்டை அந்த ‘முதல் பறிப்பு’ பற்றியது. சிங்மிங் ஏப்ரல் முதல் வாரத்தில் வரும். அதற்கு முன்னால் வரும் மொட்டு இளசு, கசப்பு குறைவு, மணம் அதிகம். மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேதி இவ்வளவு பெரிதானதில் ஒரு அரண்மனைக்குப் பங்கு இருக்கிறது. 770-இல் ஹூசோவுக்குப் பக்கத்தில் குசூ மலையில் பேரரசருக்கான காணிக்கைத் தேயிலைப் பட்டறை அமைந்தது. முதல் சரக்கு சிங்மிங் விருந்துக்குள் தலைநகர் சாங்கானுக்குப் போய்ச் சேர வேண்டும். சுமார் 4000 லீ தூரம், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர். குதிரை மாற்றிக் குதிரை ஏறிப் பத்து நாளில் கடந்ததாகக் கவிஞர்கள் பாடியிருக்கிறார்கள். அந்தப் பத்து நாளையும் கழித்துப் பாருங்கள். மலையில் இன்னும் குளிர் விடாத நேரத்தில், செடி கண் திறக்கிறதோ இல்லையோ, பறித்தாக வேண்டும். எட்டாம் நூற்றாண்டின் கடைசியில் இந்த வேலைக்கு வருடம்தோறும் 30,000 பேரை மாதக்கணக்கில் பிடித்துவைத்தார்கள் என்று அக்காலத்துப் புவியியல் நூல் குறித்திருக்கிறது.

இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஒருவர் எழுதினார். ஹூசோவின் ஆளுநர் யுவான் காவ். காணிக்கையை வசூலித்து அனுப்ப வேண்டிய அதிகாரியே அவர்தான். ஏரைப் போட்டுவிட்டு ஆட்கள் மலைக்கு ஓடுகிறார்கள், கொடியைப் பிடித்துப் பாறை ஏறுகிறார்கள், விடியலெல்லாம் பறித்தாலும் ஒரு கை நிறையவில்லை, கையும் காலும் மீன் செதிலாக வெடித்திருக்கின்றன, தேயிலை இடிக்கிற சத்தம் இரவு முழுக்கக் கேட்டு விடியலிலும் ஓயவில்லை. அந்தப் பாட்டைக் காணிக்கையோடு சேர்த்துப் பேரரசருக்கே அனுப்பினார் என்று சொல்வார்கள்.

செதிலாக வெடித்த கை என்று படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தக் கையை எனக்குத் தெரியும். என் அம்மாயி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிப் பக்கம் வந்து மறுபடியும் கொழுந்தே பறித்தார். கட்டை விரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துச் சாறு ஏறி ஏறிக் கறுத்து, அந்தக் கறுப்பிலேயே நெடுகக் கோடு கோடாக வெடித்திருக்கும். ராத்திரி தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி அந்தக் கோடுகளுக்குள் விடுவார். ஈரக் கொழுந்தென்று எடையில் தண்ணீருக்குக் கழிப்பார்கள், கூடைக்குக் கழிப்பார்கள், கழித்த பிறகு கணக்குக்குக் குறைந்தால் அரைப் பேர்தான் விழும் என்று சொல்வார். முழு நாள் நின்றவருக்கு அரை நாள் கூலி. மழை நாளில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே, ‘எலைய முத்த விட்டா கங்காணி திட்டுவான், அவசரத்துல பறிச்சா காம்பு வருதுன்னு திட்டுவான்’ என்பார். அவர் குடித்தது என்ன என்று கேளுங்கள். தூள் போட்ட வெறும் சாயம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து, ஒரு மிடறுக்கு ஒரு தடவை நாக்கால் தொட்டுக்கொள்வார். தான் பறித்த கொழுந்தின் நல்ல தேயிலை எப்படி இருக்கும் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை தம்பி. உங்கள் கடிதத்தில் ஒரு நல்ல மனம் தெரிகிறது. இத்தனை வேலைப்பளுவில் ஐந்து மணிக்கு எழுந்து சும்மா உட்கார ஒருவர் விரும்புவதே எனக்குப் பெரிய விஷயம். அதனால்தான் கோபம் வருகிறது. தாவோவின் மூல நூலான ‘தாவோ தே ஜிங்’கில் லாவோட்சு தன்னிடம் மூன்று செல்வங்கள் உண்டு என்கிறார்: இரக்கம், சிக்கனம், உலகத்தில் முதலில் நிற்கத் துணியாமை. நீங்கள் தாவோ என்று சொல்லிக்கொண்டு காசு கொடுத்து வாங்குவது மூன்றாவதற்கு நேர் எதிரானது. எல்லோருக்கும் முன்னால் எனக்கு வேண்டும் என்பது பேரரசரின் பசி. செடியைக்கூடப் பூக்கவிடாத பசி. லாங்ஜிங் விளையும் ஹாங்சோவில் சிங்மிங்குக்குப் பிறகும் கொழுந்து வரத்தான் செய்கிறது. பத்து நாள் பொறுத்தால் விலையும் இறங்கும். உங்கள் நாக்குக்கு என்ன நஷ்டம்? அந்த இலையில் கொஞ்சம் கூடுதல் கசப்பு இருக்கும். இருக்கட்டுமே. மனத்தை அடக்க ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கும் உங்களால் இந்தப் பத்து நாளை அடக்க முடியாதா?

தலையிடாமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். லாவோட்சு அதைப் பெரும்பாலும் யாருக்குச் சொல்கிறார் என்று பாருங்கள். ஆளுகிறவர்களுக்கு. மேலே இருப்பவர்கள் வரியை அதிகம் தின்பதால்தான் மக்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று அதே நூலின் 75-ஆம் அத்தியாயத்தில் வெளிப்படையாகவே சொல்கிறார். கையில் அதிகாரம் இருப்பவன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொன்ன சொல், காலப்போக்கில் கண்ணை மூடிக்கொள்வதற்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. நீங்கள் பின்பற்றும் தியானத்தைப் பற்றி முறையாக எழுதிவைத்த சிமா செங்சென் (647–735) மலையில் வாழ்ந்தாலும் உலகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டவர் இல்லை. 711-இல் பேரரசர் ரூயிசோங் அழைத்து, தன்னை ஆள்வதற்குச் செயலின்மை சரி, நாட்டை ஆள்வதற்கு என்ன என்று கேட்டபோது, நாடும் உடம்பு மாதிரிதான் என்றார். பொருள்களின் இயல்போடு போங்கள், உங்களுக்கென்று ஒரு சார்பு வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். தேயிலைக்கு ஆர்டர் போடும் இடத்தில் இன்றைக்கு உட்கார்ந்திருப்பது நீங்கள். அந்த அறிவுரை உங்களுக்குத்தான். மலையை அவசரப்படுத்தாதீர்கள்.

இதே சிமா செங்சென் தியானத்தை ஏழு படியாகப் பிரித்ததில் நான்காவது, காரியங்களைக் குறைத்துக்கொள்வது. காய்கறிச் சோறும் கிழிசல் துணியும் உயிர் தரிக்கப் போதும், பட்டு எதற்கு என்று கேட்கிறார். மூங்கில் தட்டும் மண் குடுவையும் நான்காவது படியில் எங்கே வருகின்றன? தேயிலைக்கென்றே நூல் எழுதிய லூ யூ (733–804) கருவிகளை 24 என்று எண்ணி அடுக்கியவர்தான். அவரே, மலையில் ஓர் ஊற்றங்கரையில் காய்ச்சுகிறீர்கள் என்றால் இதில் பலவற்றை விட்டுவிடலாம் என்கிறார். வாங்கியது வாங்கியாகிவிட்டது. தூக்கி எறியச் சொல்லவில்லை, அது இன்னொரு வீண். புதிதாக எதையும் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்தக் குடுவையைப் பற்றி ஒரு செய்தி. லூ தோங் குடித்தது வில்லையை இடித்துப் பொடியாக்கிக் காய்ச்சியது. உதிரி இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் வழக்கம் சீனாவில் நிலைத்தது மிங் அரசர்கள் காலத்தில். அதற்கு ஒரு பெரிய காரணம், 1391-இல் பேரரசர் ஹோங்வூ போட்ட ஆணை. வில்லைத் தேயிலை செய்வது மக்களின் உழைப்பை உறிஞ்சுகிறது, இனி காணிக்கையாக உதிரி மொட்டே போதும் என்று நிறுத்தினார். ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்து பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்தவர் அவர். மற்ற விஷயங்களில் கொடூரமான ஆட்சியாளர், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மூடிக் கிண்ணத்தில் இலை விரிவதைப் பார்க்கிறீர்களே, அதற்குப் பின்னால் வேலைக்காரர்களின் சுமையை ஒருவர் இறக்கிவைத்த கதை இருக்கிறது. லூ தோங் கேட்ட கேள்விக்கு ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்துக் கிடைத்த ஒரு சிறிய பதில் என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

இஞ்சி டீயைக் குடியுங்கள். இஞ்சியும் வெங்காயமும் புதினாவும் போட்டுக் காய்ச்சிய தேயிலையைச் சாக்கடைத் தண்ணீர் என்று திட்டிய லூ யூ, தன் தேயிலையில் உப்புப் போட்டுத்தான் குடித்தார். இதிலெல்லாம் தாவோ இல்லை. செய்தித்தாளை மறுபடியும் போடச் சொல்லுங்கள். உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் நீலகிரி. அங்கே சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு எத்தனை வருடமாகப் போராடுகிறார்கள் என்பது அதில்தான் வரும்.

கவிதையின் மிச்சத்தையும் தேடி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த முறை ஆர்டர் போடுகிறபோது, விற்கிறவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: இதைப் பறித்தவருக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி? லூ தோங் கேட்டதும் தனக்குத் தேயிலை அனுப்பியவரிடம்தான். ஒருவேளை பதில் வராது. இரண்டாம் முறையும் கேளுங்கள். வந்தால் எனக்கும் எழுதுங்கள், இங்கேயே போடுகிறேன்.