வெறும் துணிதானே?

அன்புள்ள ஐயா,

வணக்கம். போன வாரக் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 'ராணுவ உடையைப் போட மறுத்துச் சிறைக்குப் போய் அங்கேயே செத்த ஒரு மென்னோனைட் விவசாய இளைஞன்' என்று. பெயர், ஊர் எதுவும் இல்லை. மனசு கேட்காமல் தேடிப் படித்தேன். ஜோசப் ஹோஃபர், அமெரிக்காவில் தெற்கு டகோட்டா, 1918. அவர் மென்னோனைட் இல்லை, ஹட்டரைட். முதலில் அதைத் திருத்திவிடுங்கள்.

அடுத்தது என் சந்தேகம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாகத் துணி வெட்டுகிறேன். ஒரே ரோல் துணியில் ஒரு கட்சி மாநாட்டுக்கும் வெட்டியிருக்கிறேன், அதன் எதிர்க்கட்சி மாநாட்டுக்கும் வெட்டியிருக்கிறேன். பிரிண்டிங்கில்தான் வித்தியாசம். துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குப் புரியும். சட்டையைப் போட்டுக்கொண்டு மனசுக்குள் ஜெபம் பண்ணியிருக்கக் கூடாதா? வெறும் துணிதானே ஐயா. அவர் சாவதற்குப் பதினெட்டு நாள் முன்பே முதல் உலக யுத்தம் முடிந்துவிட்டது. பெண்டாட்டி பிள்ளைகளை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனது பக்தியா, வீம்பா?

நான் சி.எஸ்.ஐ. சபைக்காரன். இவரை இரத்தசாட்சி என்று சொல்லலாமா என்பதையும் எழுதுங்கள்.

ச.,
திருப்பூர்

அன்புள்ள ச.,

தப்பு என்னுடையதுதான், திருத்திவிட்டேன். இரண்டும் கிறிஸ்தவப் பிரிவுகள். மென்னோனைட்டுகளும் ஹட்டரைட்டுகளும் பங்காளிகள், பாட்டன் ஒருவர், வீடு வேறு. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் சிலர், 'குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானம் ஆகாது, விவரம் தெரிந்த வயதில் தானே கேட்டுப் பெற வேண்டும்' என்று சொல்லி மறுபடி ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் இரு தரப்புமே அவர்களைக் கொன்றது. அந்தக் கூட்டத்தில் நெதர்லாந்துப் பக்கத்துக் கிளைக்கு மென்னோ சைமன்ஸ் என்ற முன்னாள் பாதிரியாரின் பெயர் நிலைத்தது. ஆஸ்திரியப் பக்கத்துக் கிளைக்கு யாக்கோப் ஹட்டரின் பெயர். மென்னோ பாதிரிப் பொறுப்பை உதறிய அதே 1536இல் ஹட்டரை இன்ஸ்ப்ரூக்கில் எரித்தார்கள். அவர் தொப்பி செய்கிறவர், உங்கள் லைனுக்குப் பக்கத்து லைன்.

இரண்டு வீட்டாரும் ஆயுதம் எடுப்பதில்லை. பெரிய வித்தியாசம் சொத்தில்தான். மென்னோனைட் விவசாயிக்குத் தன் பெயரில் நிலம் இருக்கும். ஹட்டரைட்டுக்கு எதுவும் கிடையாது. நிலம், மாடு, அடுப்பு எல்லாம் காலனிக்கு, அதாவது அவர்கள் கூடி வாழும் பண்ணைக் குடியிருப்புக்குப் பொது, சாப்பாடும் பொதுக்கூடத்தில்தான்.

அந்தப் பொதுவுடைமை எப்படித் தொடங்கியது தெரியுமா? 1528இல் மொராவியாவில் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) நிக்கல்ஸ்பர்க் என்ற ஊரைவிட்டு வெளியேறிய இருநூறு பேர் போல வழியில் நின்றார்கள். தரையில் ஒரு மேலங்கியை விரித்தார்கள். ஒவ்வொருவரும் தன்னிடம் இருந்ததை அதன்மேல் கொண்டுவந்து வைத்தார்கள். அவ்வளவுதான், சட்டதிட்டமெல்லாம் பிற்பாடு வந்தது. 'வெறும் துணிதானே' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் அந்த மேலங்கிதான் ஞாபகம் வந்தது. அதை நீங்கள் வெட்டியிருந்தால் எத்தனை பீஸ் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள்!

அதன் பிறகு அவர்கள் கதை, ஊர் ஊராகப் பெட்டி கட்டிய கதை. கடைசியில் ரஷ்யப் பேரரசில் இன்றைய உக்ரைன் பகுதியில் பயிர் செய்தார்கள். 1874இல் ஜார் அரசு எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை என்றதும் ஹட்டரைட்டுகள் டகோட்டாவுக்குக் கப்பல் ஏறினார்கள். மென்னோனைட்டுகளில் ஆயிரக்கணக்கானோர் கான்சாஸ், மனிடோபா பக்கம் போனார்கள். ராணுவத்துக்குப் பயந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளை 1918 மே மாதம் அமெரிக்க ராணுவம் அழைத்தது.

ஜேம்ஸ் ஆற்றங்கரையில் ராக்போர்ட் காலனியிலிருந்து நாலு பேர் போனார்கள்: டேவிட், மைக்கேல், ஜோசப் என்ற ஹோஃபர் சகோதரர்கள், கூட ஜேக்கப் விப்ஃப். நால்வரும் குடும்பஸ்தர்கள். வீட்டில் ஜெர்மன் பேசுகிறவர்கள், ஜெர்மனியோடு போர் நடந்த அந்த வருஷம் அதுவே ஒரு குற்றம். ஹட்டரைட்டுகளில் கல்யாணம் ஆனவன் தாடி வைப்பான். வாஷிங்டன் மாநிலத்தில் கேம்ப் லூயிஸுக்குப் போகிற ரயிலிலேயே மற்ற ஆட்கள் அவர்களைப் பிடித்து முடியையும் தாடியையும் வெட்டிவிட்டார்கள். முகாம் வாசலை மிதிப்பதற்கு முன்பே அவமானம் தொடங்கிவிட்டது.

இங்கே உங்களை ஓர் இடத்தில் திருத்த வேண்டும். அவர்கள் மறுத்தது உடையை மட்டும் இல்லை. சேர்க்கை அட்டையில் கையெழுத்துப் போடவும் மறுத்தார்கள், வரிசையில் நிற்கவும் மறுத்தார்கள். துப்பாக்கி தூக்காத வேலைகள் ராணுவத்தில் இருந்தன, மருத்துவப் பிரிவு, சரக்குப் பிரிவு என்று. மனசாட்சிக்காக மறுப்பவர்களை விடுப்பில் பண்ணை வேலைக்கு அனுப்பவும் அந்த வருஷம் வழி பிறந்திருந்தது. இவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ராணுவ நீதிமன்றம். மண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாத நாலு விவசாயிகளுக்கு அந்தப் பண்ணை வேலையைக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஜூன் மாத விசாரணையில் ஜேக்கப் விப்ஃபிடம் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. இன்றைக்கும் அகிம்சை பேசுகிறவனை மடக்க எல்லோரும் கேட்கிற கேள்விதான். உன் சகோதரியை ஒருவன் தாக்கினால் சண்டை போடுவாயா? மாட்டேன் என்றார். சரி, என்னதான் செய்வாய்? அவளை அவனிடமிருந்து இழுத்துவிட முடியுமானால் இழுப்பேன், எனக்குப் பலம் இருந்தால் அவனைப் பிடித்து நிறுத்துவேன், பலம் இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான், கொல்ல மட்டும் எங்களால் முடியாது. ஏறக்குறைய இதுதான் பதில். இதில் வீரம் எங்கே இருக்கிறது? ஆங்கிலம் தட்டுத்தடுமாறிப் பேசுகிற ஒரு சம்சாரி, தன் சக்தி இவ்வளவுதான் என்று நிறுத்துக் காட்டுகிறார். வீம்பு பிடித்தவன் இப்படிப் பேசமாட்டான், வசனம் பேசுவான்.

தீர்ப்பு: இருபது வருஷம் கடுங்காவல், அல்கட்ராஸ் தீவில். அப்போது அது ராணுவச் சிறை. கையிலும் காலிலும் விலங்கோடு கொண்டுபோய்ப் பாதாள அறையில் போட்டார்கள். தண்ணீர் கசிகிற தரை. உள்ளாடை தவிர எல்லாவற்றையும் உருவிக்கொண்டு, மடித்த ராணுவ உடையைப் பக்கத்தில் வைத்துவிட்டார்கள்.

இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். குளிர் எலும்பில் இறங்குகிறது. கம்பளி உடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த முதல் நாட்களில் கைகளை உயர்த்திக் கம்பியோடு பூட்டியும் வைத்தார்கள். வெளியே கொண்டுவந்தபோது கை வீங்கிப்போய்ச் சட்டைக் கைக்குள் நுழையவில்லை என்று ஹட்டரைட்டுகள் சொல்கிறார்கள்.

நவம்பர் 11 அன்று போர் நின்றது. அதற்குப் பிறகுதான் நால்வரையும் கான்சாஸில் உள்ள ஃபோர்ட் லெவன்வொர்த் சிறைக்கு மாற்றினார்கள். நள்ளிரவை ஒட்டி ரயில் நிலையத்திலிருந்து துப்பாக்கி முனையில் மேட்டில் நடத்திக் கூட்டிப்போய், வேர்த்து வந்தவர்களின் மேலுடையைக் கழற்றி, வெளிக்குளிரில் நிற்கவைத்தார்கள். ஜோசப்பும் மைக்கேலும் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். நிமோனியா என்பது அரசுப் பதிவு. அந்த வருஷம் இன்ஃப்ளூயன்ஸா உலகத்தையே வாரிக்கொண்டு போனது, அதனால் பதிவைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். பாதாள அறையையும் அந்த இரவையும் மறைத்துவிட்டு நிமோனியாவை மட்டும் சொல்வது நியாயமில்லை என்பேன்.

தந்தி கிடைத்து ஜோசப்பின் மனைவி மரியா வந்து சேர்ந்தாள். மறுநாள் காலை, நவம்பர் 29, அவன் போய்விட்டான். உடலைப் பார்க்க வேண்டும் என்றாள். பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது என்றார்கள். அவள் அழுது, விடாமல் மன்றாடி, மூடியைத் திறக்க வைத்தாள். உள்ளே அவள் புருஷன் ராணுவ உடையில் கிடந்தான்.

வெறும் துணிதானே என்கிறீர்கள். நானும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன், ராணுவத்திடம். வெறும் துணி என்றால், அதைப் போடாத குற்றத்துக்கு இருபது வருஷம் எதற்கு? செத்த பிறகும் அதைக் கொண்டுவந்து மாட்டியது எதற்கு?

எங்கள் அப்பத்தா செத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. குளிப்பாட்டியாயிற்று, பாடை கட்டியாயிற்று, வெயில் ஏறுகிறது. தூக்கவில்லை. பிறந்த வீட்டுக் கோடி வரவில்லை என்று காத்திருந்தார்கள். அவளுடைய தம்பி மகன் பஸ்ஸைத் தவறவிட்டு மூன்று மணிக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் பஸ் ஸ்டாண்டு கடையில் எடுத்த சேலை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. அதைப் போர்த்திய பிறகுதான் எடுத்தார்கள். துணியின் மதிப்பு முப்பது ரூபாய் இருக்கும். ஆனால் 'இவள் எங்கள் வீட்டுப் பெண்' என்று கடைசியாக ஒருமுறை சொல்ல அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது. திருப்பூரிலும் கோடிக்குச் சண்டை வந்து பார்த்திருப்பீர்கள். போர்த்துகிறவன் உறவு கொண்டாடுகிறான்.

ஜோசப்புக்கு அமெரிக்க ராணுவம் தன் கோடியைப் போட்டது. இவன் எங்கள் ஆள் என்றது. உயிரோடு இருந்த ஆறு மாதமும் 'இல்லை' என்று சொன்னவன் வாய் மூடிய பிறகு. சிப்பந்தி யாரோ வழக்கப்படி செய்திருக்கலாம், வேண்டுமென்றே செய்திருக்க வேண்டியதில்லை. மரியாவுக்கு அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது?

டிசம்பர் 2 அன்று மைக்கேலும் போனான். மறுநாள் டேவிட் கம்பியில் கை பூட்டப்பட்டு நின்றபடி அழுதார், கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை இல்லை என்று ஹட்டரைட்டுகள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே வாரம், டிசம்பர் 6இல், கைதிகளைக் கம்பியோடு பூட்டும் தண்டனையைப் போர்த்துறை நிறுத்தியது. டேவிட் சீக்கிரமே வீடு திரும்பினார், ஜேக்கப் விப்ஃப் 1919 ஏப்ரலில்.

நடுத்தெருவில் விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் விதவைகளை வைத்து யோசித்ததால் வந்த வார்த்தை அது, கோபமில்லை. காலனியில் புருஷன் செத்தால் பெண்ணின் சோறு நிற்காது. பொதுக்கூடத்தில் அவள் இடம் அப்படியே இருக்கும், பிள்ளைகள் காலனிப் பள்ளியில்தான் படிக்கும். அந்த 1528 மேலங்கிக்கு இது ஒரு பயன். அதற்காக மரியாவின் துக்கம் குறைந்துவிடாது. ஜோசப்பின் முடிவில் அவளிடம் கேட்டு எடுத்த பங்கு எவ்வளவு, சபைப் பெரியவர்களின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆண்கள் விரதம் இருந்தால் பெண்கள் பட்டினி கிடப்பது எல்லா மதத்திலும் நடப்பதுதான்.

நடுத்தெரு வேறு விதத்தில் வந்தது. போர்க் கடன் பத்திரம் வாங்கவில்லை என்று பக்கத்து ஜேம்ஸ்வில் காலனியில் ஊர்க்காரர்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். தெற்கு டகோட்டாவின் காலனிகளில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாகக் கனடாவுக்குப் பெட்டி கட்டின. சிலர் பின்னாளில் திரும்பி வந்தார்கள். இன்று இரு நாட்டிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறார்கள்.

இரத்தசாட்சி பற்றிக் கேட்டீர்கள். மூலமான கிரேக்கச் சொல்லுக்குச் சாட்சி என்று மட்டும்தான் பொருள், ரத்தத்தைச் சேர்த்தது நம் தமிழ்ச் சபைகள். இங்கே ரத்தம் எதுவும் சிந்தவில்லை, ஈரத் தரையும் சளிக் காய்ச்சலும்தான். ராக்போர்ட் கல்லறையில் சகோதரர்கள் இருவரின் கல்லிலும் பெயரோடு அந்தச் சொல்லை வெட்டியிருக்கிறார்கள், ஆங்கிலத்தில். தமிழில் வெட்டுவதாக இருந்து என்னைக் கேட்டால் 'சாட்சி' என்று மட்டும் போடச் சொல்வேன். உங்கள் சபைப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுதுங்கள்.